அவள் எலும்புக்கு ஓர் இடம்

எத்தனை பிள்ளைகள் என்று டாக்டர் கேட்டார். நான் "ரெண்டு" என்றேன். அதே நேரத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்த என் மனைவி "மூணு" என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பேராதனை ஆஸ்பத்திரியில் என் மனைவியின் இடுப்பு மூட்டை மாற்றப்போகிற பெரிய டாக்டரோடு வேலை செய்கிறவர். அதோடு ஓர் ஆராய்ச்சியும் செய்கிறாராம். மூட்டு மாற்றும்போது வெட்டி எடுக்கிற எலும்பில் என்னென்ன கனிமங்கள், எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி. அதற்குத்தான் இத்தனை கேள்விகள். கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? பிளேன்டீ எவ்வளவு குடிப்பீர்கள்? வெற்றிலை உண்டா? நெத்தலி சாப்பிடுவீர்களா? எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. நோயாளி அவள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"ஹயாத்தோட ஈக்கிறது ரெண்டு டொக்டர்," என்று நான் விளக்கினேன். "மகள் இங்க. மகன் கட்டார்ல. அதுக்கு முன்னால ஒண்ணு, அது பொறந்து ஒரு கிழமைல மவுத்தாப்போச்சு."

"அது இல்ல," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமலே. "அவன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டாக்டர் தலையை ஆட்டினார். "ஓம் அம்மா, மூண்டு எண்டே போடுவம். எலும்புக்கு மூண்டுதான் கணக்கு."

"எலும்புக்கா?" என்றாள் இவள்.

"ஓம். வயித்தில பிள்ளை வளரேக்க அதின்ரை எலும்புக்கு வேண்டிய கல்சியம் தாயிட்ட இருந்துதான் போகும். கடைசி மாசங்களிலதான் கூடப் போறது. சாப்பாட்டில காணாட்டி உங்கடை எலும்பில இருந்தே எடுக்கும். அதாலதான் பிள்ளையளைப் பற்றிக் கேட்டனான்."

மனைவி தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அவன்ட எலும்பு என்ட எலும்புதானே?"

"ஒரு பங்கு, ஓம்."

எனக்கு அந்த அறையில் இருப்புக் கொள்ளவில்லை. துக்கம் வந்தால் வியாபாரம் பேசுவது என் வழக்கம். "அப்ப எலும்பு எண்டுறது ஒரு ஸ்டோர் ரூம் மாதிரி, என்ன டொக்டர்?" என்று கேட்டேன். டாக்டருக்கு அது பிடித்துவிட்டது. ஓம், அப்படித்தான், கல்சியமும் பொஸ்பரசும் மூட்டை மூட்டையாக இருக்கிற சாமான் என்றார். மக்னீசியம் அதைவிடக் குறைவு. துத்தநாகம், செம்பு, ஸ்ட்ரோன்டியம் எல்லாம் நான் கடையில் சின்னத் தராசில் நிறுத்துக் கொடுக்கிற சாதிக்காய், வசவாசி மாதிரி, துளித்துளியாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கும். மூட்டில் எலும்பின் நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. பழைய பெயின்டிலிருந்தும் புகையிலிருந்தும் வருகிற ஈயமும் எலும்பில் போய்க் குந்திக்கொள்ளுமாம். கல்சியத்துக்கும் அதற்கும் எலும்புக்கு வித்தியாசம் தெரியாதாம்.

"கள்ளச் சரக்கு!" என்றேன் நான்.

"அதேதான் ஐயா," என்று டாக்டர் சிரித்தார். "ஆனா ஸ்டோர் ரூம் எண்டா அப்பிடியே கிடக்கிறது இல்லை. பழைய சரக்கு மெல்ல மெல்ல வெளியில போகும், புதுசு வரும். எலும்பு எந்த நேரமும் தன்னைத் தானே புதுசாக் கட்டிக்கொண்டுதான் இருக்கும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் வாடிப்போயிருந்தது. "அந்தக் காலத்துல இருந்தது ஒண்ணும் இப்ப இல்லயா மகள்?" என்று கேட்டாள். டாக்டர் என்பதை விட்டு மகள் என்று வந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பொய் சொல்லவும் அவருக்கு மனமில்லை, அவளை நோகடிக்கவும் மனமில்லை என்று தெரிந்தது. "எல்லா இடமும் ஒரே வேகத்தில மாறாது அம்மா. சிலது கனகாலம் கிடக்கும். துப்புரவா ஒண்டும் இல்லை எண்டு நான் சொல்லமாட்டன்."

"அப்ப ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு எடுங்க," என்றாள் மனைவி. "மத்தத எனக்குத் தாங்க. குப்பைக்கு விட்டுடாதீங்க."

எங்கள் முஸ்லிம்களில் அது வழக்கம். உயிரோடு இருக்கிற ஒருவரின் உடம்பிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் அதை எறியமாட்டோம். வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் மண்ணில் வைத்துவிடுவோம். அதற்குத் தொழுகை கிடையாது, கூட்டம் கிடையாது, ஒரு குழி, கொஞ்சம் மண், அவ்வளவுதான். சீனி வியாதியால் என் மாமா ஒருவருக்குக் காலை எடுத்தபோது அப்படித்தான் அடக்கினோம். அதன் பிறகு மாமா பெருநாள் தோறும் ஊன்றுகோலோடு மையவாடிக்குப் போய்த் தன் காலுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருவார். "எனக்கு முந்திப் போய் இடம் புடிச்சு வெச்சிருக்கான்டா," என்பார்.

டாக்டர் பெரியவரிடம் கேட்டுப் பார்த்துச் சம்மதம் சொன்னார். அறையை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் நடக்கும்போது மனைவி என் கையைப் பிடித்தாள். வலி வந்தால் பிடிப்பாள் என்பதால் நான் நின்றேன்.

"அத அவனுக்குப் பக்கத்துல வெக்கணும்," என்றாள். "வேற எங்கயும் வேணாம்."

"சரி," என்றேன். வேறு என்ன சொல்ல? இத்தனை வருட வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்டவை மிகக் குறைவு. ஒரு நகை கேட்டதில்லை. இந்த இடுப்பு வலியோடு நாலு வருடமாகக் கதிரையில் இருந்து தொழுதவள், ஒபரேஷன் வேண்டும் என்றுகூட அவளாகக் கேட்கவில்லை. மகள் சண்டை பிடித்துத்தான் சம்மதிக்க வைத்தாள். அப்படிப்பட்டவள் கேட்ட இந்த ஒன்றில் எனக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அவன் இருக்கிற இடம் எனக்குத் தெரியாது.

முப்பது வருடத்துக்கும் மேலாகிறது. அன்றைக்குக் கண்டியில் பேய் மழை. என் வாப்பா குடை பிடிக்க, நான் அவனை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு மையவாடிச் சரிவில் இறங்கினேன். பாரமே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது, அந்தப் பாரமில்லாத தன்மை. அடக்கி முடிந்ததும் வாப்பா ஒரு குரோட்டன் கொப்பை ஒடித்துத் தலைமாட்டில் நட்டார். அதுதான் அடையாளம். பிறகு ஒரு மழைக்காலத்தில் சரிவு இடிந்து, பள்ளிவாசல்காரர்கள் புதிதாகக் கல்கட்டுக் கட்டி, பற்றைகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கிவிட்டார்கள். குரோட்டனும் அதோடு போயிற்று. வாப்பாவும் மவுத்தாகிவிட்டார்.

ஒபரேஷனுக்கு முந்திய கிழமை நான் தனியாகப் போய்த் தேடினேன். புல்லும் மேடும் பள்ளமும்தான். எங்கள் பள்ளிவாசல் மோதினார் நல்ல மனிதர், ஆனால் அவர் இந்த ஊருக்கு வந்ததே பிறகுதான். "அந்தக் காலத்துப் புள்ளக் கபுறுகள் எது எங்க எண்டு இப்ப ஆருக்கும் தெரியா நானா," என்று அண்ணன் முறை சொல்லிக் கையை விரித்தார்.

மனைவியிடம் கேட்கலாமா? அவளுக்கு எப்படித் தெரியும்! எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அவள் அந்தக் கேற்றைக் கடந்ததே கிடையாது. அவனை எங்கே வைத்தீர்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை. பேசினால் அழுவாள் என்று நான் பேசவில்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன.

ஒபரேஷன் அல்லாஹ்வின் உதவியால் நன்றாக முடிந்தது. அடுத்த நாளே வோக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஓர் அடி, இன்னோர் அடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லக்கூடாது. அவள் என்னைப் பார்த்து, "அழுறதெண்டா வெளிய போய் அழுங்க. எனக்குச் சிரிப்பு வருது," என்றாள்.

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாள் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாளாக அமைந்தது. மூடியுள்ள ஒரு பெட்டி கொண்டுவாருங்கோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வீட்டிலிருந்து ஒரு வெற்று ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோனேன். எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மிளகாய்த் தூள் இருக்கும், பட்டன் இருக்கும், ஊசி நூல் இருக்கும், ஐஸ்கிரீம் மட்டும் இருக்காது. டாக்டர் அதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு இறுக்கி ஒட்டிய ஒரு வெள்ளைப் பையை அதற்குள் வைத்து மூடினார்.

"சின்னத் துண்டுதான் எடுத்தனாங்கள் அம்மா. மிச்சம் முழுக்க இதுக்குள்ள இருக்கு. குளிரில வைச்சிருந்தது, இண்டைக்கே அடக்கிவிடுங்கோ."

மருமகனின் வேனில் அவள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பேராதனைப் பாலம் தாண்டுகிறவரை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு மூடியை ஒரு விரலால் தட்டி, "இவ்வளவுதானா? ஒரு எலுமிச்சங்கா அளவு ஈக்குமா? இதா என்ன இத்தன வருஷம் படுத்தின?" என்று கேட்டாள். என்னிடமா, பெட்டியிடமா என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் அவளை இறக்குவதே பெரிய பாடாகிவிட்டது. மருமகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வோக்கர் ஒரு பக்கம். பெட்டியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு வந்து அவளைப் பிடித்தேன். கட்டிலில் சாய்த்து, தலையணை வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனால் மேசையில் பெட்டி இல்லை.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குசினியையும் போய்ப் பாருங்கள். குர்பான் இறைச்சிப் பங்குகள் வந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பை, நீலப் பை, ஐஸ்கிரீம் பெட்டி. யார் வீட்டுப் பங்கு எது என்று வாங்குகிறவளுக்கே தெரியாது. அடுப்பில் பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சி, உள்ளி, மிளகு எல்லாம் மிதந்தன. மகள் பிரிஜ்ஜைத் திறந்து வைத்துக் குனிந்து நின்றாள்.

"மகள்! இஞ்ச ஒரு பெட்டி இருந்ததே?"

"எலும்புப் பெட்டியா வாப்பா? ஆரு குடுத்த? உம்மாக்குச் சூப்புக் காச்சுவோமெண்டு இப்பதான் எடுக்கப்..."

"யா அல்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் மருமகன் ஓடி வந்துவிட்டான். "அது உம்மாக்கு இல்லடி! அது உம்மாடது!"

மகளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் கையில் இருந்த பெட்டியைக் கீழேயும் போடமுடியாமல் மேலேயும் வைக்கமுடியாமல், அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அப்படியே நின்றாள். பாவம், அழுதும்விட்டாள். நான் பெட்டியைப் பறித்து மூடியைத் திறந்து பார்த்தேன். ஒட்டிய பை ஒட்டியபடியே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வலிக்குக் கத்துகிறாளோ என்று ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சிரித்தாள். "அல்லாஹ்வே, என்னச் சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது," என்று சொல்லிச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆகிவிட்டது. வலி அவளிடமிருந்து அதையும் எடுத்துவிட்டிருந்தது. அந்தச் சட்டியை அன்றைக்கு யாரும் தொடவில்லை. சோறும் பருப்பும்தான்.

அஸர் தொழுதுவிட்டுப் புறப்படத் தயாரானேன். ஒரு முழம் வெள்ளைத் துணியை மகள் மடித்துத் தந்தாள். மனைவி கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"எடம் தெரியும்தானே?"

"தெரியாம?" என்றேன். பெரிய சத்தமாகவே சொன்னேன். என்ன செய்வது, அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏறத்தாழ அந்தப் பக்கம்தானே, அங்கே எங்கேயாவது வைத்துவிட்டு வந்து அவனுக்குப் பக்கத்தில்தான் என்று சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.  

மையவாடியில் மோதினார் மண்வெட்டியோடு காத்திருந்தார். "எங்க வெட்டுற, நானா?" என்றார். நான் புதுக் கல்கட்டின் ஓரமாக ஒரு தட்டையான இடத்தைக் காட்டினேன். கைப்பேசி அடித்தது. மனைவி.

"எங்க நிக்கிறீங்க?"

"மையவாடியிலதான். வேற எங்க?"

"அது எனக்குத் தெரியுது. பிழையான எடத்துல நிக்கிறீங்க."

"என்ன?"

"மேல பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். மையவாடிச் சரிவுக்கு மேலே எங்கள் மேல் வீதி போகிறது. அதன் வளைவில், இடுப்பளவு மதிலுக்குப் பக்கத்தில் மருமகனின் வேன் நின்றது. வேனுக்கு முன்னால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். மகள் குடை பிடித்திருந்தாள்.

அந்த வளைவை எனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் அவள் அங்கே நிற்பாள். மதிலில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். நான் சாமான் பையோடு முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்துக் கத்துவேன். "உன்ட பஸ் ஹோல்ட் வந்துட்டுதா? வாடி, நேரமாகுது!" இடுப்பு வலி என்றுதான் நினைத்தேன். ஆனால் இடுப்பு வலி வந்து எத்தனை வருடம்? மகளை இடுப்பில் வைத்துக்கொண்டும் அவள் அங்கே நின்றிருக்கிறாள். மகனை வயிற்றில் வைத்துக்கொண்டும் நின்றிருக்கிறாள். அது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

"கல்கட்ட விட்டு வெளிய வாங்க," என்றது கைப்பேசி. "அந்தப் பலா மரத்தப் பாத்து வாங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆ, அவ்வளவு வேணாம், பின்னால வாங்க. எடப் பக்கம். நில்லுங்க."

நின்றேன்.

"அங்கதான்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"நீங்களும் உங்கட வாப்பாவும் அவனத் தூக்கிட்டு எறங்கினீங்களே, அண்டைக்கு நான் இதுல நிண்டேன். என்ட உம்மா வந்து கூட்டிட்டுப் போகும்வரைக்கும் நிண்டேன். அண்டையிலருந்து பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறேன். குரோட்டன் வளந்தது, அத வெட்டினது, கல்கட்டுக் கட்டினது, எல்லாம்."

பிள்ளை பெற்று ஒரு கிழமை ஆன உடம்போடு, அந்த மழையில்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா அந்தப் பக்கத்தால என்னப் போக விடமாட்டீங்க. மனசு ஒடஞ்சுபோகுமெண்டு வேற பாதையால கூட்டிட்டுப் போவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

அது உண்மை. நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

மோதினார் அங்கே வெட்டத் தொடங்கினார். பெரிய குழி தேவையில்லை. கைப்பேசியை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சின்னப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்தேன். அவனைவிட இதற்குப் பாரம் இருந்ததுபோல் எனக்குப் பட்டது. அது எப்படி என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கப்போவதில்லை.

மோதினார் மண்ணைத் தள்ள மண்வெட்டியை எடுத்தபோது சட்டைப் பைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "மம்மட்டி வேணாம். கையால போடுங்க." முழங்காலிட்டுக் கையாலேயே போட்டேன். மண் ஈரமாக இருந்தது. நான் அழுதேன். அன்றைக்கு வாப்பாவுக்கு முன்னால் அழ வெட்கப்பட்டு அடக்கி வைத்ததையும் சேர்த்து அழுதேன்.

"இனி அவன் தனிய இல்ல," என்றாள் அவள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "சரி, மேல வாங்க. நீங்க வரும்வரைக்கும் நான் இதுல நிக்கிறேன்."

"உக்காரு வேனுக்குள்ள! கால் என்னத்துக்காகும்?"

"புதுக் கால்தானே. நிக்கட்டும்."

படிகளில் மூச்சு வாங்க ஏறி வளைவுக்குப் போனேன். அவள் வோக்கரைக் கொஞ்சம் நகர்த்தி மதிலோரம் எனக்கு இடம் விட்டாள். முதல் தடவையாக அந்த மதிலில் நானும் கையை ஊன்றி நின்றேன். எத்தனை ஆயிரம் தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அந்த இடம் நன்றாகத் தெரிந்தது.